வியர்க்கிற பிள்ளைக்கு ஏது குளிர்

டொரொண்டோவில் நான் உண்டாக்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மீன்கடை, அதன் பின்னால் ஆள் உள்ளே போய் நடமாடக்கூடிய குளிர் அறை, சொந்த வீடு. இலங்கையில் டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீட்டில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் உண்டாக்கியது. எவனும் கைகொடுக்கவில்லை. வெளியே முழங்காலளவு பனி கிடக்க, உள்ளே வெறும் பனியனோடு நின்று தேத்தண்ணி குடிக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு இது அதிசயம்தான். எங்கள் லயத்தில் குளிர் வெளியே நிற்காது. கூடவே வந்து படுத்துக்கொள்ளும்.

அப்படி நின்ற ஒரு காலையில்தான் மகள் கவிதா போனில் பேத்தியைக் காட்டினாள். கனடாவுக்கு வரமாட்டேன் என்று டிக்கோயாவிலேயே டீச்சராகி, அங்கேயே கல்யாணமும் முடித்தவள். பிடிவாதத்தில் என்னைப்போல. பிள்ளைக்கு ஒரு மாதம்தான். ஸ்வெட்டர், தொப்பி, அதன்மேல் கம்பளி. நடுவில் தெரிந்த முகத்தில் உதடு நீலமாக இருந்தது.

"என்னம்மா, ஒதடு இப்படி இருக்கு?"

அவள் மாமியார் முந்திக்கொண்டார். "குளிருதான் சம்பந்தி. தோட்டத்துப் புள்ளைக எல்லாம் இப்படித்தானே? கனடாக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டீங்க போல."

நான் எதையும் மறக்கவில்லை. என் கடைசித் தங்கை இப்படித்தான் நீலம் பாரித்தாள். குளிர் என்று அடுப்போரம் படுக்க வைத்தார்கள். அவளுக்குப் பெயர் வைக்கும் நாள்கூட வரவில்லை. குளிரின் நீலமும் எனக்குத் தெரியும். குளிர் அறையில் பெட்டி அடுக்கிவிட்டு வரும் ஆட்களின் உதட்டில் தினமும் பார்க்கிறேன். ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் போய்விடும். கம்பளியை எடுக்கச் சொன்னேன். பிள்ளையின் சட்டை நனைந்திருந்தது. பால் குடிக்கும்போதெல்லாம் வியர்க்கிறது, பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுகிறது என்றாள் கவிதா.

"வேர்க்கிற புள்ளைக்கு ஏதுடி குளிரு?"

"போன்ல கலர் அப்படித் தெரியுதுப்பா."

"அப்ப ஒன் ஒதட்டப் புள்ள ஒதட்டுகிட்ட வச்சுக் காட்டு."

காட்டினாள். ஒரே போன், ஒரே வெளிச்சம். அவளுடையது சிவப்பு. 

"த்ரீவீலரப் புடி. உடுப்பு மாத்திக்கிட்டு நிக்காத. போ!"

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கொழும்புக்கு அனுப்பினார்கள். நுரையீரலிலிருந்து நல்ல இரத்தத்தை இதயத்தின் இடது பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டிய குழாய்கள், வலது பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தனவாம். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, மிஷினில் இரத்தத்தை ஓடவிட்டு, குழாய்களை உரிய இடத்தில் தைக்க வேண்டும். உள்ளங்கையளவு நெஞ்சு அது.

ஆபரேஷன் அன்று அங்கே சாயங்காலம் ஆகியும் செய்தி இல்லை. இங்கே விடிந்திருந்தது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் போனோடு வாசல்படியில் நின்றேன். பக்கத்து வீட்டு மார்கரெட் என்னைப் பார்த்து, "உதடு நீலமாக இருக்கிறதே" என்றாள் இங்கிலீஷில். பேத்தியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "டாக்டர் இன்னும் வரவில்லை" என்றேன். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று அவள் பதறினாள். விளக்கிச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. பனியனோடு நிற்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்திய நேரம் போன் அடித்தது. கவிதா பேச்சே வராமல் அழுதாள். 

"செவப்பா இருக்குப்பா," என்றாள் பிறகு. "ஒதடு செவப்பா இருக்கு."

போன மாதம் முதல் பிறந்தநாள், மாரியம்மன் கோயிலில் பூஜை. அங்கே எல்லோரும் ஸ்வெட்டரில். நான் போனுக்கு முன்னால் பனியனோடு கைதட்டினேன். மருமகன் கொழும்பு டாக்டர்மாருக்கு நன்றி சொன்னார், அம்மனுக்குச் சொன்னார், அவர் அம்மாவின் நேர்த்திக்கடனுக்கும் சொன்னார். நீலத்தை முதலில் கண்டவனுக்குச் சொல்லவில்லை. "ஒங்களுக்குமா நன்றி சொல்லணும்?" என்று மகள் சிரிக்கிறாள்.

சொல்லத்தான் வேண்டும். டாக்டர் தைத்தார், அம்மன் காப்பாற்றினாள், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே இருந்தவர்களுக்கு அது குளிர். லயத்தில் தங்கையின் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு, குளிர் நுழையாத வீட்டில் வந்து நின்றவனுக்குத்தான் அது வேறாகத் தெரிந்தது. சொந்தக்காரர்களே, பாதி அங்கே பாதி இங்கே என்று என்னைக் கேலி பண்ணுகிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பாதியும் வேண்டியிருந்தது. நாளைக்கு அவள் நெஞ்சுத் தழும்பைத் தொட்டு இது என்ன என்று கேட்பாள். அப்போது என் பெயரையும் சொல்லுங்கள். டாக்டருக்கும் அம்மனுக்கும் பிறகு சொன்னாலும் சரி. விடாமல் சொல்லுங்கள்.