ஐந்து பேருக்கு ஒரே போன் நம்பர்

பொய் சொன்னது நீங்கள்தான், தாவரவியல் துறைத் தலைவர் அவர்களே. சர்வர் அல்ல.

சர்வர் அன்று ஒழுங்காக ஓடியது. நெட் வந்தது. கரண்ட் இருந்தது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. இடத்தில் இல்லாமல் போனது நீங்கள் ஒருவர்தான். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று போட்டிருக்கிறீர்கள். நம் கல்லூரியில் தொழில்நுட்பம் என்றால் நான். அப்படியானால் கோளாறும் நான்தானே?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். போடியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டரில் சிஸ்டம் அட்மின் என்று இருக்கிறது. நடைமுறையில், வயர் உள்ள எதுவும் என் தலையில்தான். விழா என்றால் மைக். கோடை என்றால் வாட்டர் கூலர். பதினோரு வருஷமாக இதே கதை.

போன மாதம் வரலாற்றுத் துறையிலிருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. வெரசா வா." இரண்டு மாடி ஏறினேன். கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கெட்டிலைச் சொருகியிருந்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நான் கெட்டிலைப் பார்த்தேன். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

எது நடந்ததால் எது நடந்தது என்று வகுப்பில் பாடம் எடுக்கிறவர் அவர்!

இன்னொருவர் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். மேலே தலைப்பு வேறு... "ரகசியம்". பொருளாதாரத்தில் ஒருவர் தனக்கு வரும் மெயிலைப் பிரிண்ட் எடுப்பார். அடியில் பேனாவால் பதில் எழுதுவார். என்னைக் கூப்பிட்டு, "இதை ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடு தம்பி" என்பார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஆனாலும் தம்பிதான். தம்பி என்று கூப்பிட்டால் வேலை வருகிறது. மிஸ்டர் என்று கூப்பிட்டால் மெமோ வருகிறது. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இதையெல்லாம் திட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. தாவரவியல் துறை விஷயம் அப்படியில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இன்டர்னல் மார்க்கை இனி ஆன்லைனில்தான் ஏற்ற வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனி லாகின். ஒவ்வொருவரும் தன்னுடைய போன் நம்பரைப் பதிய வேண்டும். மார்க்கை ஏற்றிச் சமர்ப்பிக்கும்போது அந்தப் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் மார்க் உள்ளே போகும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு.

தாவரவியலில் துறைத் தலைவரோடு சேர்த்து ஐந்து ஆசிரியர்கள். நான் ஒவ்வொருவராக நம்பர் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். துறைத் தலைவர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா செய்றே? எல்லாத்துக்கும் என் நம்பரையே போடு."

"சார், அவங்கவங்க நம்பர் போடணும் சார்."

"எவனும் எனக்குத் தெரியாம மார்க்கைத் தொடக் கூடாது. உன் சோலி வயரைப் பாக்குறது. அதைப் பாரு."

போட்டேன். ஐந்து லாகின், ஒரே நம்பர். போர்ட்டலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது. இதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. உட்கார்ந்து தட்டினேன்.

அன்றிலிருந்து அந்தத் துறையில் இதுதான் வழக்கம். மார்க் ஏற்ற வேண்டுமா? தலைவர் அறைக்குப் போக வேண்டும். அவர் கண்ணாடியைத் தேடி, போனைத் தூரமாகப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாக வாசிப்பார். ஆசிரியர் எதிரே நின்று எழுதிக்கொண்டு தன் சீட்டுக்கு ஓட வேண்டும். ஓடி வருவதற்குள் நேரம் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் காரிடாரில் இப்படி ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

இந்தச் சித்திரையில் மார்க் ஏற்றும் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு போர்ட்டல் மூடிவிடும். நாலு தாள்கள் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று, கலாவதி மேடம் எடுக்கும் மூன்றாம் ஆண்டுத் தாள். மேடம் கௌரவ விரிவுரையாளர். மார்க் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். அது கையெழுத்துக்காகத் தலைவர் மேசையில் மூன்று நாள் கிடந்து, முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பி வந்தது.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மேடம் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, ஆறு தடவை ஓடிபி அனுப்பச் சொல்லி அமுக்கிட்டேன். சார் போனுக்கு அடிச்சா ஏதோ மலையாளத்துல பேசுது."

தலைவர் எங்கே? வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஆன்-டூட்டி. காரணம்: களப்பணி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், அவருக்கு ஏலத்தோட்டம் இருப்பது ஊருக்கே தெரியும். தாவரவியல் பேராசிரியர் களத்தில்தான் இருந்தார். தாவரமும் இருந்தது. என்ன... தாவரம் அவருடையது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிற ஒரு ஜீப்பில் ஏறினேன். உர மூட்டைகளுக்கு நடுவே எனக்கு இடம். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, பொட்டியும் கையுமா வர்றீக? தோட்டம் கீட்டம் வாங்கப் போறீகளா?"

"ஒரு நம்பர் வாங்கப் போறேன்."

"நம்பருக்கா இம்புட்டுத் தூரம்? போன்ல கேட்டா முடிஞ்சது."

"போன் எடுக்கல."

"எப்படி எடுக்கும்? மெட்டு வரைக்கும்தான் ரேஞ்சு கிட்டும். அதுக்கு அங்குட்டு ஆனை பிளிறுனாத்தான் சேதி."

சிக்னலை மலையில் ரேஞ்சு என்றுதான் சொல்வார்கள். கிட்டும் என்பதும் அந்தப் பக்கத்துப் பேச்சுதான்.

தோட்டத்தை அடைந்தபோது மணி இரண்டரை. கவாத்து நடந்துகொண்டிருந்தது. ஏலச்செடியில் காய்ந்துபோன தண்டுகளை, அதாவது தட்டைகளை, பெண்கள் அறுத்துக் கழித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மெட்டுக்கு வந்தால் சிக்னல் இருக்கிறது, லேப்டாப் கையில் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்றேன்.

"இப்ப நான் வந்துட்டா, இவளுக நல்ல தட்டையும் சேத்து அறுத்துப்புடுவாளுக" என்றார்.

அரிவாளும் கையுமாக ஓர் அக்கா நிமிர்ந்தார். "பத்து வருசமா அறுக்குறோம். பட்டது எது, பச்சை எதுன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? பிள்ளைக மார்க்குன்னு சொல்றாரு, போய்ட்டு வாங்க. தட்டையைத் தூக்கிட்டு நாங்க கேரளாவுக்கா ஓடிரப் போறோம்? கேரளாவுலதானே நிக்கிறோம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் இறுகிப்போனது. இனி அவர் எழுந்தால், கூலி ஆள் சொல்லி எழுந்த மாதிரி ஆகிவிடும். ஆகவே எழவில்லை.

"சரி சார், போனை மட்டும் குடுங்க. மெட்டுக்குக் கொண்டுபோய் முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றேன்.

அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போனைக் குடுக்கிறதா? ஓடிபிய எவனுக்கும் காட்டக் கூடாது, கூடப்பொறந்தவனுக்கே சொல்லக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல மைக்கப் பிடிச்சுக் கத்துனது நீதானப்பா?"

நான்தான். பதினோரு வருஷத்தில் நான் நடத்திய பயிற்சியில் ஒரு வரியை ஒரு பேராசிரியர் நினைவில் வைத்திருக்கிறார். அதை எந்த இடத்தில் எடுத்து என் மேல் வீசினார் பார்த்தீர்களா? மூன்று வருஷமாக நாலு பேருடைய ஓடிபியை வாயால் வாசித்துக்கொண்டிருந்த மனிதர்!

ஒருவழியாக அவர் எழுந்தபோது மணி நாலு. அவர் ஜீப்பிலேயே மெட்டுக்கு வந்தோம். டீக்கடை முன்னால் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். மேடத்தின் லாகினில் போர்ட்டல் திறந்தது. மார்க்குகளை மேடம் காலையிலேயே அடித்துச் சேமித்துவைத்திருந்தார். ஓடிபி கேட்டு அமுக்கினேன்.

தலைவரின் போன் ஒரு குலுங்கு குலுங்கியது. பகல் முழுக்க வராமல் கிடந்த மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. மேடம் அமுக்கிய ஆறும், இப்போது நான் கேட்டதும். அவர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு நம்பரை வாசித்தார். போட்டேன். தப்பு என்றது.

"சார், கடைசியா வந்ததைப் படிங்க."

"எல்லாமே இப்பத்தானே வந்துச்சு?"

அதுவும் உண்மைதான். "ஒரு நிமிஷம் என்கிட்ட காட்டுங்க சார், நான் பாத்துச் சொல்றேன்" என்றேன். காட்டவில்லை. இன்னொன்றை வாசித்தார். தப்பு. புதிதாக ஒன்று வரவழைக்கிறேன், பொறுங்கள் என்றேன். "அட, இதைப் போடுப்பா, இதுதான்" என்று அதட்டினார். மறுபடியும் தட்டினேன். ஆமாம், மறுபடியும் நான்தான் தட்டினேன். மூன்றாவது தப்போடு லாகின் பூட்டிக்கொண்டது. மறுநாள்தான் திறக்கும் என்று திரையில் வந்தது. பல்கலைக்கழக உதவி எண்ணுக்கு அடித்தேன். அவர்களும் அதையே சொன்னார்கள். ஐந்து மணி ஆனது. போர்ட்டல் மூடியது.

தலைவர் டீயைக் குடித்து முடித்தார். "என்ன சிஸ்டம்யா இது, சரியான நம்பரைப் போட்டா தப்புங்குது" என்றார். கிளாஸை வைத்துவிட்டு, "விடு தம்பி. சர்வர் மக்கர் பண்ணிருச்சுன்னு எழுதிருவோம்."

ரிசல்ட் வந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரு தாளில் "வரவில்லை" என்று விழுந்திருந்தது. ராசிங்காபுரத்துப் பிள்ளை பாண்டீஸ்வரி என் லேபுக்கு வந்தாள். வகுப்பில் முதல் மாணவி. மதுரையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. சரியான மார்க் ஷீட்டை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"சார், மூணு டெஸ்ட்டும் எழுதுனேன். பேப்பர் வீட்டுல இருக்கு. கொண்டாந்து காட்டவா?" என்றாள்.

யாரிடம் காட்டுவது? என்னிடம் காட்டி என்ன ஆகப்போகிறது?

பல்கலைக்கழகம் கதவை அடைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். "அன்று எங்கள் சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. ஆசிரியர் தரப்பில் தவறு நடந்திருந்தால், துறைத் தலைவர் அதை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும். மதிப்பெண்களை ஏற்றுக்கொள்கிறோம்" என்று பதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு வரி எழுதினால் முடிந்தது. அதற்குத் தலைவர் அனுப்பிய மறுகடிதம் என்ன தெரியுமா? பழைய கடிதம்தான். ஒரு சொல் கூட்டியிருந்தார்... "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு". அதுவும் திரும்பி வந்துவிட்டது.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "மிஸ்டர், எழுத்துல விளக்கம் குடுங்க."

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். தட்டியது என் கைதான் என்பதையும் மறைக்கவில்லை. படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எப்படிய்யா அனுப்புறது? அவர் சீனியர்."

சீனியர் என்றால் என்ன, தப்பே செய்யாத ஜாதியா? பதினோரு வருஷமாக நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் மெஷினில் இல்லை. "எனக்குத் தெரியல, சொல்லிக்குடு" என்று சொல்ல மனம் வராத ஆட்களில் இருந்தது. கெட்டில் விஷயத்தில் அது சிரிப்பு. இங்கே ஒரு பிள்ளையின் படிப்பு.

துறைத் தலைவர் அவர்களே, இதைப் படித்ததும் என் மேல் நடவடிக்கை என்பீர்கள். எடுங்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இப்போது நேரமில்லை, வெள்ளிக்கிழமை வருகிறது. உங்கள் அறையில் தனியாகக் கூப்பிட்டு எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். முதல்வர் வழியாக ஆள் அனுப்பவும் வேண்டாம்.

புதன்கிழமை காலை பதினோரு மணி. கல்லூரி ஆபீஸ் வாசல். பாண்டீஸ்வரியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் அங்கே வந்து நிற்பார்கள். அந்த இரண்டு வரிக் கடிதத்தை நானே அடித்துக் கொண்டுவருகிறேன், பேனாவும் தருகிறேன். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்: கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா?