சிரித்துக்கொண்டே மூச்சுத் திணறியவர்

இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த அந்தக் கோடையில் என் கணவருக்கு வந்த முதல் அறிகுறி இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஜீப்பை வாசலில் நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

"என்னங்க, எறங்கலையா?" என்று கேட்டேன்.

"காது அடச்சிருக்கு. தொறக்கட்டும்னு உக்காந்திருக்கேன்" என்றார்.

போடியில் ஜீப் ஓட்டுகிறவர் வீட்டில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் கணவர் பாண்டி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர். மலை ஏறி இறங்கினால் காது அடைக்கும். மூச்சு கொஞ்சம் இழுக்கும். உடம்பு அசதியாக இருக்கும். அடிவாரத்து வெயிலில் சற்று நேரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். இதை ஒரு நோயாக எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை.

அதில்தான் நாங்கள் ஏமாந்தோம். மலையே இல்லாத ஊரில் இதே மனிதர் இப்படி மூச்சு வாங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். நாங்கள் பழியை மலையின் மேல் போட்டுவிட்டு மிளகு ரசம் வைத்துக் குடித்தோம்.

ஊரே அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் இன்றைக்கு ஒரு விதி, நாளைக்கு ஒரு விதி. பாஸ் வாங்கிப் போனால் பரிசோதனைச் சான்று எங்கே என்பார்கள். அதையும் வாங்கிப் போனால் சாவடியையே மூடியிருப்பார்கள். கைப்பேசியைத் திறந்தால் ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார், இன்னொருவர் பிடிக்கவே கூடாது என்றார். ரேஷன் கடையில் யாராவது இருமினால் வரிசை தானாகவே விலகி வழிவிட்டது. எங்கள் ஜீப்பில் போகும் சரசு அக்கா சாவடியில் நின்று போலீஸ்காரரிடம், "நோயில சாகுறதா, வேல இல்லாம சாகுறதான்னு நீங்களே ஒண்ணச் சொல்லிருங்க சார், நாங்க வீட்டுக்குப் போறோம்" என்று கேட்டாராம். அந்தப் போலீஸ்காரரும் பாவம், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார் என்று என் கணவர் நடித்தே காட்டினார்.

அவர் அப்படித்தான். வாய் ஓயாது. எனக்கோ மூக்கின் மேல் கோபம். சிலமலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஊரில் எல்லோரும் முகக்கவசம் போட்டதில் ஒரே நன்மை, என் மூக்கும் அதன் மேலிருக்கும் கோபமும் மறைந்ததுதான் என்று அவர் சொல்லித் திரிந்தார்.

சாவடியை மூடியதும் ஜீப் வாசலிலேயே நின்றது. மலைக்குப் போகாமல் இருந்தும் அவருக்கு அசதி போகவில்லை. லேசாகக் காய்ச்சல் வந்தது. மதுரையில் படிக்கும் எங்கள் மகள் கயல் அப்போது வீட்டில் இருந்தாள். என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரிடமிருந்து அவள் ஆக்சிமீட்டர் (விரலைக் கவ்விக்கொண்டு ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் சிறு கருவி) இரவல் வாங்கி வந்தாள். கடைகளில் அது கண்ணிலேயே படாத காலம். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது. அவர் விரலில் மாட்டினாள். எண்பத்தெட்டு காட்டியது.

"விரல்ல கிரீசு இருக்குத்தா. அதான் அதுக்குக் கண்ணு தெரியல" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வண்டிக்காரர் விரல், நகக்கண் எல்லாம் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். சோப்புப் போட்டேன். புளி போட்டு விளக்கினேன். குத்துவிளக்கைக்கூட நான் அவ்வளவு அக்கறையாகத் தேய்த்ததில்லை. மறுபடி மாட்டினோம். எண்பத்தாறு.

"பாத்தியா, தேய்க்கத் தேய்க்கக் கொறையுது. இன்னும் தேய்ச்சா ஆளே காணாமப் போயிருவேன்" என்று சிரித்தார். கயலும் சிரித்தாள். நான் கருவியைப் பிடுங்கி என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. கருவியின் மேலும் குற்றமில்லை.

"டீச்சரம்மாவுக்கு மூளைக்கு வேல. அதான் நெறைய காத்து வாங்குற" என்றார்.

அந்த நிமிடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கெளம்புங்க" என்றேன். காய்ச்சல்காரர் என்றதும் ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்குப் போட்ட போன் கிடைக்கவில்லை. கடைசியில் அவரே ஜீப்பை ஓட்டினார். வழியெல்லாம் பாட்டுப் பாடியபடி வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. படுக்கை இல்லை என்று சொன்னவரின் சட்டையைப் பிடிக்கப் போனார் ஒருவர். வரிசையில் நடுவே புகுந்ததாக இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை. ஒரு பெண் யாரையென்று இல்லாமல் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அங்கே கத்திய ஒவ்வொருவருக்கும் உள்ளேயோ பக்கத்திலோ ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நானும் கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் கணவர் முன்னால் போய்விட்டார்.

"ஏப்பா, எட்டுப் பேரு உக்கார்ற ஜீப்புல பதினெட்டுப் பேர ஏத்துனவன் நானு. இந்த எடம் பத்தாதுங்கிறீகளா?" என்று ஆரம்பித்தார். வயதானவர்களை நிழலுக்கு அனுப்பினார். நிற்க முடியாதவர்களுக்கு எங்கள் ஜீப்பின் பின்னிருக்கைகளைத் திறந்துவிட்டார். சண்டை போட்ட இரண்டு குடும்பத்தையும் வரிசையின் இரண்டு முனைகளுக்குப் பிரித்தார். "அண்ணே, நீங்க படிக்கட்டுப் பயணம். அக்கா, நீங்க முன் சீட்டு" என்றதும் திட்டிக்கொண்டிருந்த பெண்ணே சிரித்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் இருக்காது, வீணாகப் பயந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வரிசையைச் சோதித்துக்கொண்டே வந்த நர்ஸ் அவர் விரலில் கருவியை மாட்டினார். பார்த்தார். வேறு விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவரு கூட வந்தது நீங்களா? இவரு நிக்கவே கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். எண்பத்தொன்று.

"நல்லாத்தான இருக்கேன் தங்கச்சி" என்று அவர் ஓடுகிற நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். வரிசையில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

இளம் வயது டாக்டரம்மா ஒருவர் எனக்கு விளக்கினார். இதற்கு ஹேப்பி ஹைபாக்சியா (ரத்தத்தில் ஆக்சிஜன் அபாயமாகக் குறைந்தும் நோயாளிக்குத் திணறலே தெரியாமல், கலகலப்பாகக்கூட இருக்கும் நிலை) என்று பெயராம். "அவர் சிரிக்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா. இந்த வாரம் தாண்டணும். அளவு ஏறலைன்னா வென்டிலேட்டர் (தொண்டைக்குள் குழாய் விட்டுச் செயற்கையாக மூச்சு கொடுக்கும் இயந்திரம்) வைக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் போகாம இருந்தா நல்லது" என்றார்.

அதற்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இத்தனை வருடம் அவர் சிரித்தால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த ஒரே அடையாளமும் கையை விட்டுப் போயிருந்தது.

என்னையும் கயலையும் உள்ளே விடவில்லை. பரிசோதித்ததில் எங்களுக்குத் தொற்று இல்லை. வெளியே வேப்ப மரத்தடியில் காத்திருந்தவர்களோடு நாங்களும் சேர்ந்தோம். முதல் நாள் கத்தியவர்களெல்லாம் மறுநாள் ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டார்கள்.

அவருக்கு முகமூடி வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. பேசக் கூடாது என்று கண்டிப்பு. திருமணமான நாளிலிருந்து இவர் கொஞ்சம் வாயை மூடினால் தேவலை என்று நான் வேண்டாத நாளில்லை. இப்போது அந்த வாய் மறுபடி திறக்காதா என்று தவித்தேன்.

நர்ஸ் சில நேரம் கைப்பேசியை அவர் காதில் வைப்பார். நான் மட்டும் பேசுவேன். ஒருநாள் அந்தப் பக்கம் நகத்தால் சுரண்டும் சத்தம் கேட்டது. நீளமாக ஒரு கீறல். எனக்குச் சட்டென்று புரிந்தது. கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து வரும் ஜீப்காரர் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். நான் ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். மேலிருந்து இறங்குபவர் ஓரம் ஒதுங்கி, சின்னதாக இரண்டு அடிப்பார். நீ வா, நான் நிற்கிறேன் என்று பொருள். நான் கைப்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினேன். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்ததால் அவர் மேல் தவறில்லை.

அடுத்த சிக்கல் குப்புறப் படுப்பது. அப்படிப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் விரிந்து ஆக்சிஜன் ஏறும் என்றார் டாக்டரம்மா. என் கணவரின் தொப்பை அதற்கு ஒத்துழைக்கவில்லை. நர்ஸ் போட்ட வீடியோ காலில் பார்த்தேன், படகு மாதிரி ஆடிக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, நடுவில் தொப்பைக்கென்று காலியிடம் விட்டுப் படுக்க வைத்தார்கள். "லோடு ஏத்திக் கட்டியாச்சு" என்று அவர் சைகையில் காட்டியதை நான்தான் டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். கவச உடைக்குள் அவர் தோள் குலுங்கியது தெரிந்தது.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த தேவாரத்து விவசாயி ஒருவர் இறந்துபோனார். யானை தன் வாழையைத் தின்றதையும் அதன் பின்னால் தான் கத்திக்கொண்டே ஓடியதையும் என் கணவருக்குச் சொல்லிச் சிரித்த மனிதர். அன்றைக்குக் கைப்பேசியில் அந்தக் கீறல் சத்தம் வரவில்லை. வெறும் மூச்சுச் சத்தம்தான் வந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அளவு மெல்ல ஏறியது. ஒருநாள் ஏறும், மறுநாள் சறுக்கும். இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது ஏதோ ஒரு வார்டு வாசலில் எண்களைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம். ஒரு நாளின் எண்ணைக் கேட்டு உடைந்துவிடாதீர்கள். கணக்கு டீச்சர் சொல்கிறேன், எண்களுக்கும் நல்ல நாள் கெட்ட நாள் உண்டு. டாக்டரிடம் தெரியாததைக் கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காவலாளியிடம் கத்த வேண்டும் போலிருந்தால் மரத்தடி வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள்.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. அவருடைய எண். நர்ஸ்தான் பேசுவார் என்று எடுத்தேன்.

கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் கேட்டது. "உள்ளேன் டீச்சர்."

பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது தினமும் நான் கேட்கும் சொல்தான் அது. காது புளித்துப்போன சொல். வேப்ப மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கயல் போனைப் பிடுங்கி, "அப்பா, அம்மா ஆப்சென்ட்" என்றாள். மரத்தடியில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவ்வளவு பேர் எங்களுக்காகச் சந்தோஷப்பட்டதைப் போல ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தவர் பாதி ஆளாக இருந்தார். தொப்பையைக் காணோம். குளியலறைக்குப் போய் வந்தாலே கட்டிலில் சாய்ந்துவிடுவார். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்தை மேலே எழுப்ப வேண்டும். முதலில் ஒரு பந்து அசையவே வாரக்கணக்கில் ஆனது. மூன்றும் ஒன்றாக எழும்பிய அன்று கயல் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாள். சரசு அக்காவும் ஜீப்புப் பெண்களும் தெருவில் தள்ளி நின்றபடி, "அண்ணே, வேற ஜீப்புல போறோம். அந்த டிரைவரு வாயே தெறக்க மாட்டேங்கிறாரு, தூக்கமாத் தூக்கம் வருது. வெரசா வந்து சேருங்க" என்று முறையிட்டார்கள்.

கடைசியாகப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் தழும்பு (புண் ஆறிய இடத்தில் சதை இறுகிப்போவது) கொஞ்சம் இருக்கிறது, அது போகாது என்றார் டாக்டரம்மா. வண்டி ஓட்டலாம். வேகமாக நடக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். என் கணவர் முகம் வாடியது. "அப்ப நான் ரிப்பேர் வண்டியா டாக்டரம்மா?" என்று கேட்டார். "ஓடுற வண்டி" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை முன் சீட்டில் உட்கார வைத்துப் போடிமெட்டுக்கு ஓட்டிப் போனார். இருபது வருடமாக அவர் தினமும் ஏறிய ரோடு. வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடந்தோம். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. ரோட்டோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். கீழே போடி மொத்தமும் வெயிலில் கிடந்தது. சுற்றுலா வந்தவர்கள் எங்களையும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"இத்தன வருசத்துல இங்க நின்னு பாத்ததே இல்ல செல்வி. லேட்டானா தோட்டத்து மேஸ்திரி வைவாருன்னு ஒரே ஓட்டம்" என்றார், நிறுத்தி நிறுத்தி.

நம் வீடு எது என்று கேட்டேன். அவர் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டி அதற்குப் பக்கத்தில் என்றார். நான் அது இல்லை, கோபுரத்துக்கு இந்தப் பக்கம் என்றேன். ஒரு வெள்ளைப் புள்ளிக்காக நல்ல வாக்குவாதம் நடந்தது. அவர் தோள் ஏறி இறங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது.

"மூச்சு வந்துருச்சு. போவமா?" என்றார்.

"இருங்க. எனக்கு இன்னும் வரல" என்றேன்.