பொம்மைக்கு மூன்று முழுக்கு

என் கணவருக்கு முதன்முதலாகச் சேலை கட்டிவிட்டபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும். செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிர் அடுக்குமாடி அவ்வளவு பக்கம். அங்கே ஒருவர் தும்மினால் இங்கே எங்களுக்குத் தூக்கம் கலையும். திரையை மூடினேன். அவர் கைலிக்கு மேலேயே பட்டுச்சேலையைச் சுற்றவிட்டு, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

நிற்பது அவருக்குப் புதிதில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரு பேங்க் வாசலில் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, நின்றவர். நின்று நின்றே இரண்டு முட்டிகளையும் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றார். பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் வேலை பார்த்த ஆபீசை அதே சமயத்தில் மூடிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் சும்மா உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டிவிடும் வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கற்றுக்கொள்ள ஓர் உடம்பு வேண்டும். வீட்டில் என்னை விட்டால் இருந்த உடம்பு அவருடையதுதான்.

"வயித்த உள்ள இழுங்க."

"இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப இது என்னா?"

"அது இழுத்ததுக்கு அப்புறம் இருக்குறது."

அந்த வயிற்றின் மேல் கொசுவம் கூடாரம் மாதிரி நிற்கும். முடிந்ததும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் குந்தி, முட்டிகளுக்குத் தைலம் தேய்த்துவிடுவேன். "முட்டி வலிக்குதா?" என்று கேட்பேன். "இல்ல லா" என்பார். அது பொய் என்று எனக்கும் தெரியும், என்னிடம் அந்தப் பொய் எடுபடாது என்று அவருக்கும் தெரியும். நான்கு மாதம் இப்படியே போயிற்று.

அப்புறம்தான் கிள்ளானில் ஒரு கல்யாணம் வந்தது. என் முதல் மணப்பெண். பெண்ணின் அம்மா கறாரானவர். கூறைச்சேலையைத் தட்டில் வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போனால், இருபது நிமிஷத்தில் கட்டி முடித்து மணவறைக்குத் திரும்ப வேண்டும், முகூர்த்தம் தப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது நாற்பது நிமிஷம் ஆகும். கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள். இருபது நிமிஷத்துக்கு வர வேண்டுமென்றால் தினமும் நாலைந்து தடவை கட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் அவரை நிற்கவைத்தால் அந்த முட்டிகள் என்ன ஆகும்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் போய், பழைய பொம்மை ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். "அக்கா, எங்க கடையில லீவு கேக்காத ஸ்டாஃப் அதுங்க மட்டும்தான், அதையும் கேக்குறீங்களா?" என்று சிரித்துவிட்டார் கல்லாவில் இருந்தவர். வேறு வழியில்லாமல் அன்று ராத்திரியே ஆன்லைனில் ஓர் ஆளுயரப் பெண் பொம்மைக்கு ஆர்டர் போட்டேன். ஃபைபர் பொம்மை, மெல்லிய இடுப்பு. படத்தைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வயித்த இழுக்கச் சொல்ல வேணாம்" என்றார் இவர். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தபோது நாங்கள் பாடத்தின் நடுவில் இருந்தோம். கதவைத் திறந்த வேகத்தில், பாதிச் சேலையோடு நின்ற அவரைப் பார்சல் கொண்டுவந்த தம்பி பார்த்துவிட்டான். "அங்கிள்... ஓகே லா?" என்று கேட்டான். "ஓகே, ஓகே" என்று இவர் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பொருள் உடைந்து வந்தால் மாற்றிக் கொடுக்க, பெட்டி பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. புதிதாக எது வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் தொடுவோம். ஃப்ரிட்ஜுக்கும் அப்படித்தான், இவர் ஓட்டும் காடிக்கும் அப்படித்தான். இரண்டு சட்டத்தையும் ஒன்றாக மதித்ததில்தான் வினையே வந்தது. போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டேன். பெட்டிக்குப் பொட்டு வைத்தேன். சூடம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றினேன். இவர் அந்தச் சேலையோடேயே பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு பெட்டியைக் கிழித்தோம்.

பொம்மை இடுப்பில் உடைந்திருந்தது. மேலுடம்பையும் கீழுடம்பையும் சேர்க்கும் வளையம் நொறுங்கிக் கிடந்தது. கை உடைந்திருந்தால் முந்தானையால் மூடியிருப்பேன், தலை இல்லையென்றாலும் எனக்குக் கவலையில்லை. சேலை என்பதே இடுப்பில்தான் நிற்கிறது. டேப் சுற்றிப் பார்த்தேன். கொசுவத்தைச் செருகிய உடனே அவள் இடுப்பை மடித்துக் குனிந்து எனக்கு வணக்கம் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. "சரி, நான் நிக்கிறேன் விடு" என்றார் இவர். அதுதான் வேண்டாம் என்று ஆர்டர் போட்டது!

வீடியோவை அனுப்பி, புகாரை மலாயில் எழுதினேன். 'பெண் பாத்துங் வந்தது, இடுப்பு உடைந்துவிட்டது.' மலாயில் பாத்துங் என்றால் பொம்மையும் அதுதான், சிலையும் அதுதான். சேலைக் கடை வாசலில் நிற்பதும் பாத்துங், கோயில் கருவறையில் நிற்பதும் பாத்துங். எழுதும்போது எனக்கு அது தோன்றவேயில்லை. மறுநாள் பதில் வந்தது: 'சமயப் பொருள்களைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வழக்கப்படி முறையாகக் கரைத்துவிட்டு, அதன் வீடியோவை அனுப்பினால் புதியது அனுப்பப்படும்.'

போன் போட்டேன். எடுத்தவள் ஒரு மலாய்க்காரப் பெண். மலாயில்தான் பேசினோம், தமிழில் சொல்கிறேன். அவ்வளவு மரியாதையான குரலை நான் எந்தக் கவுண்டரிலும் கேட்டதில்லை. அந்த மரியாதைதான் என் பிபியை ஏற்றியது.

"அக்கா, நாங்க எல்லா சமயத்தையும் மதிக்கிறோம்."

"நல்லா மதிம்மா. ஆனா இது சேலை கட்டுற பொம்மை."

"ஆமாக்கா. கோயில்ல சேலை கட்டித்தான் வச்சிருப்பாங்க, பார்த்திருக்கேன்."

"இது சாமி இல்லம்மா!"

"வீடியோவுல கும்பிட்டீங்களே?"

"அது பெட்டியக் கும்பிட்டோம்."

"பெட்டியையா?"

"எங்க வீட்டுக்கு எது புதுசா வந்தாலும் கும்பிடுவோம். ஃப்ரிட்ஜயும் கும்பிட்டோம்."

"ஃப்ரிட்ஜும் சாமியாக்கா?" கேலியே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "பக்கத்துல புடவையோட நின்ன அங்கிள், அவருதான பூசாரி?"

பூசாரி இல்லை, என் புருஷன், நான் சொல்லித்தான் சேலை கட்டினார் என்று சொல்லவா முடியும்? அவளே ஆறுதலாகச் சொன்னாள். சமயப் பொருள் என்ற வகையை மாற்ற வேண்டுமானால் இந்தப் புகாரை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும், அதற்குப் பதினான்கு வேலை நாள் ஆகும். கரைத்த வீடியோ வந்தால் அன்றைக்கே புதியது கிளம்பிவிடும். "கூட வேலை செய்யிற இந்தியர் ஒருத்தர்ட்டயும் கேட்டுட்டேன்கா. உடைஞ்ச சிலைய வீட்ல வச்சிருக்கக் கூடாதாம், கடல்லதான் விடணுமாம். சீக்கிரம் செஞ்சிடுங்க." என் நன்மைக்காகவே பயந்துபோயிருந்தாள். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"கடல்ல போட்டுட்டு வந்துரலாம்" என்றார் இவர். ஒரு ஃபாரம் பூர்த்தி செய்வது போலச் சொன்னார்.

மறுநாள் காலை பசியாறிவிட்டுக் கிளம்பினோம். அம்மணமாகத் தூக்கிப் போக முடியாது என்று மேலுடம்பில் ஒரு பழைய மஞ்சள் சேலையைச் சுற்றியிருந்தேன். லிஃப்டில் ஏழாம் மாடி ஆன்டி ஏறினார். மஞ்சள் சேலையையும் முகத்தையும் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். காடிக்குப் பக்கத்தில் வந்ததும் இவர் பொரிந்தார்: "நாலு மாசம் சேலை கட்டிக்கிட்டு நின்னேன். எனக்கு எவளாவது செருப்பக் கழட்டினாளா?"

கீழுடம்பு பின்பெட்டியில், மேலுடம்பு பின்சீட்டில். ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காடி கூவிக்கொண்டே வந்ததால், அதற்கு பெல்ட் போட்டுவிட்டேன். கிள்ளானைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு குடும்பம் அஸ்தி கரைத்துக்கொண்டிருந்தது. காரியம் செய்துவைக்கிற ஐயர், நாங்கள் பாதி உடம்பைத் துணியில் சுற்றித் தூக்கிவருவதைப் பார்த்து ஓடிவந்தார்.

"அங்கிள், என்னா இது?"

இவர் துணியை விலக்கிக் காட்டி, நடந்ததைச் சொன்னார். ஐயர் விரலை மடக்கி அதன் நெற்றியில் தட்டிப் பார்த்தார்.

"ஃபைபரு. முங்காது. நீங்க காடிக்குப் போறதுக்குள்ள கரைக்கு வந்துரும். எவனாவது பார்த்துட்டு, பொம்பள செத்து மெதக்குதுன்னு போலீசுக்குப் போன் போடுவான்." கொஞ்சம் யோசித்தார். "மூணு முழுக்குப் போட்டு, வீடியோ எடுத்துக்கிட்டு, திரும்பத் தூக்கிட்டுப் போயிருங்க லா. எனக்கு அடுத்த ஆளு வந்துட்டாங்க."

இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலுடம்பை இடது கையிலும் கீழுடம்பை வலது கையிலும் அணைத்தபடி இடுப்பளவுத் தண்ணீருக்குள் இறங்கினார். முதல் தடவை, வீடியோ பாதியிலேயே நின்றுவிட்டது. போனில் இடம் இல்லை. நான் சேலை கட்டும் வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன், அவர் கடலுக்குள் காத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவை, ஓர் அலை வந்து கீழுடம்பைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இரண்டு கால்கள் மட்டும் வானத்தைப் பார்த்து மிதக்க, இவர் பின்னாலேயே துரத்தினார். அஸ்தி கரைக்க வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களின் பணத்துக்குக் காவல் நின்ற மனிதர், இப்போது எனக்காகக் கடலில் ஒரு பொம்மையோடு நிற்கிறார்.

"போதும், ஏறி வாங்க! முட்டி என்னாத்துக்கு ஆவும்?" என்று கத்தினேன்.

"தண்ணிக்குள்ள வலிக்கல லா! நீ எடு!" என்று அங்கிருந்து கத்தினார்.

மூன்றாவது தடவைதான் மூன்று முழுக்கும் ஒழுங்காக வீடியோவில் விழுந்தன. அன்று மாலையே கடையிலிருந்து பதில் வந்தது. புதிய பாத்துங் கிளம்பிவிட்டதாம். கீழே இன்னொரு வரி: 'உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.'

கிளம்பிய பொம்மை வழியில் எந்தக் கிடங்கில் படுத்துக்கொண்டதோ, கல்யாணத்துக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அதனால் மீதி நாள் முழுக்க இவர்தான் நின்றார். வேண்டாம் என்று இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் நான் சண்டையை ஆரம்பிப்பதற்கு முன்பே அவராகவே திரையை மூடிவிட்டு வந்து நின்றார். ஒரு தடவை கட்டி முடியும்வரை நிற்பார், உட்காருவார், தைலம் தேய்ப்பேன், மறுபடி எழுந்து நிற்பார். போனில் நேரம் பார்த்து எனக்குக் கணக்குச் சொன்னதும் அவர்தான். முப்பத்தொன்று. இருபத்தாறு. இருபத்திரண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பத்தொன்பது என்றார். சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடிக்கப் போனவர், பிடி தவறித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்தன்று என்னைக் கிள்ளானுக்குக் காடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீ போ" என்றார். மண்டபத்துப் பின்னறையில் பெண் கூறைச்சேலையோடு வந்து என் முன்னால் நின்றது. மெல்லிய இடுப்பு, நான் ஆர்டர் போட்ட பொம்மை மாதிரியே. கை தானாக வேலை செய்தது. நடுவில் ஒரு தடவை, "வயித்த உள்ள இழு" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். இல்லாத வயிற்றை அந்தப் பிள்ளை பயந்துபோய் இழுத்துக்கொண்டது. கடைசி ஊக்கைக் குத்தும்போது வெளியே பெண்ணின் அம்மா நேரத்தைச் சொன்னார். பதினெட்டு நிமிஷம்.

கொசுவத்தின் அடி ஓரத்தைச் சரிசெய்யத் தரையில் குந்தினேன். சரிசெய்தேன். அப்புறமும் எழுந்திருக்கவில்லை. பட்டுக்கு மேலேயே என் இரண்டு கைகளும் அந்தப் பெண்ணின் முட்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன்.

பெண் குனிந்து என்னைப் பார்த்தது. "இல்லயே ஆன்டி. ஏன்?"