பின்சுவர்க் காவல்

கந்தப்பன் பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அரிசி, டீசல், மண்ணெண்ணெய் என்று மலைமேல் இருப்பவர்களுக்குக் கீழேயிருந்து ஏற்றிக்கொண்டு போகிற வேலை. ஓய்வு பெற்றுப் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்து, ஒரு பம்புசெட் கம்பெனியில் இரண்டு வருஷம் வேன் ஓட்டிப் பார்த்தார். ஒட்டவில்லை. பழைய சிப்பாய்களை மறுபடி எடுத்து ராணுவக் கிடங்குகளைக் காக்க வைக்கும் காவல் பிரிவில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"மறுபடியும் எதுக்குங்க?" என்றாள் மனைவி ராசாத்தாள்.

"எல்லை இல்ல அம்மணி, கெடங்கு. நம்ம மில்லு கேட்டுல வாட்ச்மேன் நிக்கறாப்பல."

வடக்கே, எல்லையிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கிடங்கு அது. குண்டுகளை அடுக்கி வைக்கும் கொட்டகைகள், வண்டி பழுது பார்க்கும் பட்டறை, சின்ன ஆஸ்பத்திரி, குடும்பங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ். இந்திக்காரர்கள் நடுவில் அவருக்குக் கிடைத்த ஒரே ஊர்ப்பேச்சு பெருந்துறைக்கார முஸ்தபா. கந்தப்பனைவிட நான்கு வயது இளையவர். முதல் நாளே, "ஏனுங்ணா, கோயமுத்தூருங்களா?" என்று வந்து ஒட்டிக்கொண்டார். இருவரும் மாறி மாறிப் பின்சுவர்க் காவலுக்குப் போனார்கள்.

அந்தச் சுவருக்கு அடியில் ஒரு வடிகால் வெளியே போனது. அதன் வாயை அடைத்திருந்த இரும்புக் கம்பிகள் துருவேறி, கையால் ஆட்டினால் ஆடின. முஸ்தபா இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் முறை கந்தப்பனும் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரியான சுபேதார் சிரித்தார். "இங்கே யார் வரப்போகிறான்? பழைய இரும்பு திருடுகிறவன்தான் வருவான்." பின்சுவர்க் காவலுக்குத் துப்பாக்கியோடு கொடுத்தது ஐந்தே ஐந்து தோட்டா. வயர்லெஸ்ஸுக்குப் பேட்டரி கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. முன்வாசலில் மட்டும் எல்லாம் புதிதாக இருந்தது. பெரிய அதிகாரிகள் வருவது அந்த வழியாகத்தான்.

அன்று காலை ஆறு மணிக்கு முஸ்தபாவிடமிருந்து கந்தப்பன் காவலை வாங்கிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது ராசாத்தாள் போன் செய்தாள். மகள் புவனாவுக்குப் பீளமேட்டில் காலேஜ் சீட் விஷயம். தாயும் மகளும் முதல் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். எந்தக் கோர்ஸ் என்று ஒரு பேச்சு, ஹாஸ்டல் வேண்டுமா என்று இன்னொரு பேச்சு. பத்து நிமிஷம் ஓடிவிட்டது.

அவர் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று ஐந்து. அதற்குப் பிறகு வேறு மாதிரிச் சத்தம், விடாமல். முஸ்தபா காவலிடத்தை விட்டு ஓடி வருவதைக் கந்தப்பன் பார்த்தார். முஸ்தபா குவார்ட்டர்ஸ் பக்கம் அபாய மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை நோக்கி ஓடினார். கையிலிருந்த துப்பாக்கிக் கட்டையாலேயே அதை ஓங்கி ஓங்கி அடித்தார். வீடுகளில் கதவுகள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது. ஏழாவதோ எட்டாவதோ அடியில் முஸ்தபா முகங்குப்புற விழுந்தார்.

வடிகால் வழியாக வந்தவர்கள் நான்கு பேர். கந்தப்பன் தொட்டிக்குப் பின்னால் படுத்துத் தன் ஐந்து தோட்டாவை எண்ணி எண்ணிச் சுட்டார். ஓடிவந்த இன்னொரு காவலாளி எறிந்த தோட்டாப் பட்டியை எடுத்துப்போட்டு மேலும் சுட்டார். இடுப்பில் குண்டு பாய்ந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கமாண்டோக்கள் வந்து நால்வரையும் முடித்தார்கள். டிவியில் வந்ததெல்லாம் கமாண்டோக்கள் படம்தான். குவார்ட்டர்ஸில் ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே விசாரணை அதிகாரி வந்தார். முஸ்தபா முதுகில் குண்டு வாங்கியிருக்கிறார், காவலிடத்திலிருந்து இருநூறு அடி தள்ளிக் கிடந்திருக்கிறார் என்றார்.

"மணியடித்தது யாரென்று தெரியவில்லை. நீ பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார். "பார்த்தேன் என்றால், ஆறு மணிக்கு நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். உன் பென்ஷன் போகும். வடிகால் ஃபைல் வெளியே வரும், இன்னும் நான்கு பேர் வேலை போகும். செத்தவனை யாரும் தண்டிக்க முடியாது. யோசித்துக்கொள்."

தட்டச்சுச் செய்து வைத்திருந்த தாளில் ஒரு வரி இருந்தது: 'நான் சென்றபோது காவலிடம் காலியாக இருந்தது.' கந்தப்பன் அதைப் பலமுறை படித்தார். அதில் பொய்யென்று ஒரு எழுத்து இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு அணிவகுப்பில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊரில் ஃபிளெக்ஸ் வைத்து, மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊர்வலம் விட்டார்கள். முஸ்தபாவின் பெயர் விருதுப் பட்டியலுக்குப் போகவேயில்லை. பெருந்துறைக்குச் சவப்பெட்டி வந்தது, கூடவே காவலை விட்டு ஓடினவர் என்ற பேச்சும் வந்தது.

ஒன்பது வருஷம் கந்தப்பன் அந்தப் பக்கம் போகவில்லை. பெருந்துறையில் கல்யாணம் என்றால் ராசாத்தாளைத் தனியாக அனுப்பிவிடுவார். போன வருஷம் கோவையில் முன்னாள் படைவீரர்களுக்கான முகாமில், பக்கத்து நாற்காலிக்காரர் பெருந்துறை என்று தெரிந்ததும் வாய் தவறி முஸ்தபாவைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

"யாருங்க, அந்த ஓடிப்போய் முதுகுல வாங்குனவரா?" என்றார் அவர், சாதாரணமாக.

கந்தப்பன் அன்றே பெருந்துறைக்கு பஸ் ஏறினார். முஸ்தபாவின் மனைவி ஜுலைகா சிப்காட்டில் துணிக் கம்பெனியில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். "வாங்கண்ணா, உங்களப் பத்தி அவரு போன்ல எப்பவும் சொல்லுவாரு" என்று நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, பத்து நிமிஷப் போனிலிருந்து கையெழுத்து வரைக்கும் சொல்லி முடித்தார்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "இத என்கிட்டச் சொல்லி என்னுங்க பண்றது? எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதினார். தான் தாமதமாக வந்தது, வடிகால், மணி எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் எழுதி ராணுவத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, மீண்டும் திறக்க வழியில்லை என்று இரண்டு வரி. தண்டனைக்குத் தயாராகத்தான் இருந்தார் அவர். அவரைத் தண்டிக்கக்கூட யாருக்கும் அக்கறையில்லை.

பதிலையும், தான் எழுதியதன் நகலையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனார். ஜுலைகா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "நீங்க எழுதுனத எங்காளுங்க முன்னால படிங்க" என்றாள். முஸ்தபாவின் அண்ணனையும் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரையும் வரச் சொல்லியிருந்தாள். கந்தப்பன் நான்கு பக்கத்தையும் படித்தார். மணி வரும் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஜுலைகாதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

படித்து முடித்ததும் அண்ணன் தலை நிமிராமல் சொன்னார். "எங்கம்மா நாலு வருசம் பள்ளிவாசத் தெருவுல நடக்காமயே இருந்து செத்துப்போச்சுங்க. அதுகிட்டப் போய்ப் படிங்க."

கந்தப்பன் தாளை நீட்டினார். ஜுலைகா வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"உங்க புள்ளைக்கு அன்னிக்கு சீட் கெடச்சுதுங்களாண்ணா?"

"கெடச்சுது அம்மணி."

"சரிங்ணா. இனிமே இங்க வராதீங்க."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனார். இந்தக் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட வந்த பள்ளிக்கூடத்துக்காரர்களிடம், உடம்பு சரியில்லை என்று ராசாத்தாளைச் சொல்லச் சொன்னார். அவள் சொல்லவில்லை. "அவரு வரமாட்டாருங்க" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.