சத்தம் நின்ற மூன்று வாரம்

என் மனைவிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த இரண்டாவது வருடம், எங்கள் மோட்டார் சைக்கிளில் டேப்பட் சத்தம் வந்தது. இன்ஜினின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும், இன்னொன்று எரிந்த புகையை வெளியே தள்ளும். அவற்றைத் தட்டித் திறக்கும் இரும்புக் கைக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். நாளாக ஆக அந்த இடைவெளி கூடிவிட்டால், தையல் மிஷின் ஓடுவது போல டக்டக்கென்று கேட்கும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சத்தம் மட்டும்தான் தெரியும்.

நாங்கள் மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடியின் முதல் மாடியில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. நான் தி.நகரில் ஒரு துணிக்கடையின் குடோனில் பில் போடுகிறேன். மதியத்துக்கு மேல்தான் எனக்கு ஷிப்ட். அவள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு முடியாமல் போனதும் ஒவ்வொரு பிள்ளையாக நின்றுபோனார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு ராயப்பேட்டைப் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அவளுக்கு இடம். நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தமாகி வெளியே வரும்போது துணி பிழிந்தது போல இருப்பாள். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்ததும் துப்பட்டாவை இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்வாள். தலை சுற்றினாலும் விழாமல் இருக்க.

"இந்த டக்டக் தலைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள் ஒரு நாள்.

அந்த மையத்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு மெக்கானிக் இருந்தார். என் வயதுதான் இருக்கும். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவள் உள்ளே படுத்திருந்த நேரத்தில் வண்டியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ராத்திரி இங்கே விட்டுவிட்டுப் போனால் காலையில் இன்ஜின் ஆறினதும் சரி பண்ணித் தருகிறேன் என்றார்.

"சுத்தமா சத்தமே வராத மாதிரி பண்ணிடுங்க பாய்."

"சுத்தமாலாம் எடுக்கக்கூடாது சார். லேசா கேட்டுக்கினே இருக்கணும். சத்தம் கீதுன்னா வால்வு நல்லா கீதுன்னு அர்த்தம்."

"வீட்ல அவங்களுக்குத் தலைவலி. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றாங்க."

"புரியுது சார். காதுல பஞ்சு வெச்சிக்க சொல்லு. நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. வேலை செய்ய சோம்பல்பட்டுக்கொண்டு கதை சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த இரண்டு வருடமாக யார் எதைச் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவேன், மருந்து வாங்குவேன், வெளியே பெஞ்சில் காத்திருப்பேன். அவள் உடம்பில் நடக்கிற எதையும் என் கையால் சரி செய்ய முடியவில்லை. இந்தச் சத்தத்தையாவது நான் நிறுத்துகிறேன் என்று தோன்றிவிட்டது.

வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கினேன். மெல்லிய இரும்புத் தகடுகளை விசிறி மாதிரிக் கோத்த அளவுகோல் அது. ஒரு வாரம் போனில் வீடியோக்களாகப் பார்த்தேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படிக்குக் கீழே செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். வால்வு மூடிகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றிக் குறிக்கு நேராக நிறுத்தி, நட்டைத் தளர்த்தி, சொன்ன அளவுத் தகட்டை இடையில் நுழைத்து, திருகைத் திருப்பி, நட்டை இறுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் சத்தம் பாதிதான் குறைந்திருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்ஜின் ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்து, மறுபடி மூடியைக் கழற்றி, திருகைக் கால் சுற்று கூடுதலாக உள்ளே தள்ளினேன். இப்போது தகடு நுழையவே இல்லை. ஸ்டார்ட் செய்தேன். புது வண்டி மாதிரி ஓடியது. கை முழுக்கக் கரியோடு நான் அங்கே நின்று சிரித்தேன்.

திங்கட்கிழமை திரும்பி வரும்போது அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, "வண்டிய மாத்திட்டீங்களா என்ன?" என்று கேட்டாள். நானே சரி செய்தேன் என்றேன். "பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாரம் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

மூன்று வாரம் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சூடான பிறகு இரண்டு மூன்று உதை கேட்டது, சைலன்சரில் அவ்வப்போது பட்டென்று வெடித்தது. பெட்ரோல் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி என்பதால் திங்கட்கிழமைகளில், குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கி, அவள் முகமும் காலும் வீங்கியிருக்கும். மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் சாலையை அடைத்து நீலத் தகரம் வைத்திருந்தார்கள். சுற்றி விட்ட சந்துகளில் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். ராயப்பேட்டை நெடுஞ்சாலையைத் தொடுவதற்கு முன்பே ஒரு சந்தில் வண்டி இழுக்க முடியாமல் திணறி நின்றது. உதைத்தேன். கிக்கர் எந்தத் தடையும் இல்லாமல் தொபுக்கென்று கீழே இறங்கியது. பத்து உதை, இருபது உதை. அவள் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சந்துக்குள் ஆட்டோ வரவில்லை. வண்டியை ஒரு டீக்கடை ஓரம் தள்ளி நிறுத்திவிட்டு, அவளை நடத்தியே மெயின் ரோடு வரை கூட்டிப்போனேன். இருபதடிக்கு ஒருமுறை நின்றாள்.

போய்ச் சேர்ந்தபோது முக்கால் மணி நேரம் தாமதம். அவளுடைய மிஷினில் அடுத்தவரைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அடுத்தவரும் எங்களைப் போலத்தான். நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி, வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தபடியே நர்ஸ் கேட்டார்: "எவ்ளோ தண்ணிம்மா குடிச்சீங்க? கன்ட்ரோல் பண்ணச் சொன்னாங்கல்ல?"

முகமூடிக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: "நேத்து ரெண்டு டம்ளர் மோர் குடிச்சேன் சிஸ்டர். வெயில் தாங்கல."

எனக்கு அது தெரியாது. ஞாயிறு மதியம் நான் கடைக்குப் போயிருந்தபோது குடித்திருக்கிறாள். நர்ஸ் திட்டினார். பிறகு டாக்டரும் திட்டினார். அவள் குழந்தை மாதிரி அழுதாள்.

மூன்றாம் நாள், அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, வண்டியை டீக்கடையிலிருந்து பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றி, வால்வைத் தட்டும் கையை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இன்னா சார் இது? யாரு டேப்பட் வெச்சது?"

"நான்தான் பாய்."

"கேப்பே இல்ல. சூடாச்சுன்னா வால்வு நீளும், மூடவே மூடாது. நெருப்பு அந்தச் சந்துல பூந்து பூந்து புகை தள்ற எக்ஸாஸ்ட் வால்வைத் தின்னுருக்கும். இன்ஜின் ஹெட்டக் கழட்டணும்."

"நானே கழட்டுறேன்."

"எம்மேல கோவமா சார்?"

"இல்ல பாய். நான் கெடுத்தேன். நானே பண்ணணும்."

அவர் வாதாடவில்லை. வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைக் கொடுத்து, கழற்றும் வரிசையை ஒரு அட்டையில் எழுதினார். கடைசியில், "அம்மா எப்டி கீறாங்க?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

மறுநாள் அவள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக, தினமும் அளந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலில் இருந்த கோட்டுக்கு இரண்டு விரல் கீழே மார்க்கரால் புதுக் கோடு போட்டாள். "ஒரு நாள் தள்ளிப்போனதுக்கே இந்தக் கதின்னா, அந்த மோர்தாங்க காரணம். வண்டி பழைய வண்டி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். சொல்ல வாயெடுத்தேன். இப்போதுதானே வந்திருக்கிறாள், தேறட்டும் என்று விட்டேன். அடுத்த நாளும் விட்டேன். அந்த மே மாத வெயிலில் அவள் உதடு வெடித்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து உட்காருவாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் ஆட்டோவில் போய் வந்தோம். பாய் கடையிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வந்த வண்டி மாடிப்படிக்குக் கீழே கிடந்தது.

ஜூனில்தான் ஹெட்டைக் கழற்றினேன். அவள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பிரிங்கை அமுக்கி எக்ஸாஸ்ட் வால்வை உருவினேன். வட்டமான அதன் விளிம்பில் ஒரு துண்டைக் காணவில்லை. எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் இப்படி ஆச்சு? வயசாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல. நான் டைட்டா வெச்சுட்டேன். சத்தம் நிக்கணும்னு."

"பாய் அப்படி வைக்கச் சொன்னாரா?"

"வைக்கக்கூடாதுன்னு சொன்னாரு."

வால்வைச் செய்தித்தாள் மேல் வைத்தாள். "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றதுக்கு முந்தின நாள்."

கணக்கு டீச்சர் அவள். விரல் விடாமலே கூட்டிவிட்டாள். "அஞ்சு வாரம். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு அஞ்சு வாரம் கெடந்தேன். நம்ம தப்புதானே, அனுபவிப்போம்னு. நீங்க எதிர்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க."

கையிலிருந்த கரியைச் செய்தித்தாளில் துடைத்தேன்.

"வண்டி போனது கூட விடுங்க" என்று எழுந்தாள். சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் கூடப் போகவில்லை. மேலே பாட்டிலில் இருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மாத்திரை, சாப்பாடு, நேரம், இவற்றைத் தவிர வேறு பேச்சில்லை. நான் வேலையைத் தொடர்ந்தேன். புது வால்வின் விளிம்பில் மணல் போன்ற பசையைத் தடவி, அது உட்காரும் இடத்தில் வைத்து, அதன் தலையில் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மத்துப் போல உருட்டித் தேய்க்க வேண்டும். விளிம்பு முழுக்க ஒரே சீரான சாம்பல் வளையம் வரும்வரை. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டும் கசியக் கூடாது. முதல் ஞாயிறு கசிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, மறுவாரம் குடோனில் பேனா பிடிக்க வலித்தது. இரண்டாவது ஞாயிறு கசியவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி டேப்பட் வைக்கும்போது அவள் இறங்கி வந்தாள். கூப்பிடவில்லை, தானாக வந்தாள்.

"அளவு எவ்ளோன்னு போட்டிருக்கு?"

சொன்னேன். கேஜை என் கையிலிருந்து வாங்கி, தகடுகளில் எண்ணைப் படித்து ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். நட்டை இறுக்கிய பிறகு தானே குனிந்து அதை இழுத்துப் பார்த்தாள். "லேசா பிடிக்குது, ஆனா வருது. இதானே?"

"இதான்."

"நட்டு இறுக்கும்போது திருகு சேர்ந்து சுத்துதா பாருங்க. மறுபடி அளங்க."

மறுபடி அளந்தேன். ஸ்டார்ட் ஆனதும் டக்டக் சத்தம் வந்தது, மெல்லியதாக. அவள் மேலே போய்விட்டாள்.

அடுத்த திங்களிலிருந்து மறுபடி வண்டியில்தான் போனோம். ஆனால் அவள் துப்பட்டாவை முடிச்சுப் போடவில்லை. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஜூலை முழுக்க அப்படித்தான். ஆகஸ்டில் ஒரு நாள், ரத்த அழுத்தம் ரொம்பக் குறைந்து நிற்கவே முடியாமல் வெளியே வந்தவள், எதுவும் சொல்லாமல் துப்பட்டாவை எடுத்து இருவரையும் சேர்த்துக் கட்டினாள். அது மன்னிப்பா, தலைசுற்றலா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கட்டினாள். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பழையபடி முழுசாக வரவில்லை.

அடுத்த வருட மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். இதயம் தாங்கவில்லை என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து, அவளுடைய ஃபைலை வாங்க டயாலிசிஸ் மையத்துக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரிடம் அந்த மே மாதத்தைப் பற்றி, டேப்பட்டிலிருந்து மோர் வரை, ஒன்று விடாமல் சொன்னேன். அன்றைக்கு நெஞ்சில் தண்ணீர் கோத்ததால்தான் இதயம் கெட்டதா என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டினார், ஒரு பக்கத்தில் நின்றார், மூடினார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனிமே அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது சார்" என்றார்.

வெளியே மழை விட்டிருந்தது. ஃபைல் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மந்தைவெளிக்கு ஓட்டி வந்தேன்.