இன்னாசி வண்டிக்குச் சத்தம் வாங்கிய கதை

இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். வேலைக் காலம் முழுக்கக் கப்பலுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, தான் மேலே, ஊர் உலகம் கீழே என்கிற நினைப்பு ஓய்வு பெற்றுத் தரைக்கு வந்த பிறகும் அவனை விடவில்லை. ராயபுரத்தில் அவன் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. அவனைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. இருந்தாலும் அவனை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பைக் வாங்கினான். தோற்றம் அந்தக் காலம், எஞ்சின் இந்தக் காலம். வட்ட ஹெட்லைட், பளபளக்கும் டேங்க், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். தெருவே கூடி நின்று பார்க்க, பெருமையாக ஸ்டார்ட் செய்தான். அடுத்த நொடி முகம் தொங்கிப்போனது.

"இன்னா லச்சு இது? தையல் மிஷின் மாதிரி கீது!" என்றான் என்னிடம்.

வண்டியில் குறையில்லை. கிரேன் இரைச்சலில் பழுத்த காதுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

அவன் கோபத்துக்கு மட்டும் எப்போதும் சத்தம் போதும். ஒரே மகள் ஷைனி, வியாசர்பாடிப் பையன் பகலவனை விரும்பி ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டாள். பௌத்தக் குடும்பம், ரயில்வே வேலை, தங்கமான பையன். ஆனாலும் மாதா கோயிலில் பூசை வைத்துக் கட்டாத தாலி ஒரு தாலியா என்று இன்னாசி குதித்தான். "உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். பேத்தி பிறந்தபோதும் அவன் மனைவி டோரதி மட்டும்தான் போய்ப் பார்த்தாள். மகள் போன் செய்தால் எடுக்க மாட்டான். அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சொன்ன சொல்லைத் தன் பாணியில் காப்பாற்றினான். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் போட வியாசர்பாடிக்குக் கிளம்புவான். ராயபுரத்தில் பங்க்கே இல்லாத மாதிரி! மகள் இருப்பது ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. அதன் கீழே வந்ததும் வண்டி ஊரும். கேட்டால் ஸ்பீடு பிரேக்கர் என்பான். அந்தத் தெருவில் ஸ்பீடு பிரேக்கரே கிடையாது.

"வாசப்படியதான மிதிக்க மாட்டேன்னேன்? ரோடு கவர்மெண்டுதுடா" என்றான் ஒருநாள், நான் கேட்காமலே.

தையல் மிஷின் காலத்தில் மகள் வீட்டு பால்கனியில் ஆள் நடமாட்டமே இருந்ததில்லை. வெறும் துணிக்கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். வரும் வழியெல்லாம் வண்டியைத் திட்டிக்கொண்டே வருவான்.

பிறகுதான் தண்டையார்பேட்டை மெக்கானிக் எபினேசரிடம் போனான். குட்டையான, உள்ளே தடுப்பே இல்லாத இரண்டு சைலன்சர்கள்.

"மாமு, போலீஸ்காரன் கண்ணுல பட்டா பேஜாரு" என்றான் எபினேசர்.

"நீ மாட்டுபா."

மாட்டி முறுக்கியதும் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. டீக்கடையில் ஒருவர் கிளாஸைத் தவறவிட்டார். டோரதி "மானமே போவுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இன்னாசி முகத்திலோ, சொந்தமாகக் கப்பல் வாங்கியவனின் களை.

அந்த ஞாயிறு, அதே பால்கனியில் ஷைனி நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பச்சைத் துண்டு. துண்டைக் கொடியில் போட்டாள். மறுவாரமும் நின்றாள். அதற்கடுத்த வாரமும்.

"பாவம் லச்சு, பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமைதான் துணி தொவைக்க நேரம் கெடைக்குது" என்றான்.

வாராவாரம் அதே பச்சைத் துண்டு. அதுவும் காய்ந்த துண்டு. வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அவள் ஓடி வருகிறாள் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும், மறுவாரமே வண்டி வேறு பக்கம் திரும்பிவிடும்.

போன ஞாயிறு மூலக்கொத்தளத்தில் போலீஸ் மடக்கியது. பழைய சைலன்சரை மாட்டினால்தான் வண்டி நகரும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னாசியின் போன் வீட்டில் கிடந்தது; என் போனிலிருந்து கூப்பிட்டதும் எபினேசர் ஜெபம் முடிந்த வெள்ளைச் சட்டையோடு, பழைய சைலன்சர்களையும் எடுத்துக்கொண்டு வந்து, ரோட்டோரம் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மறுபடி தையல் மிஷின். அந்தத் தெருவுக்குள் போனோம். பால்கனி காலி. சுற்றி வந்தோம். காலி. மூன்றாம் முறை, கொடியில் பச்சைத் துண்டுகூட இல்லை.

"லச்சு, கொயந்தைக்கு இன்னாமோ ஆயிருக்கு" என்றான். வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் படியேறினான். கிரேன் ஏணி ஏறிய கால்கள். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் கதவைத் தட்டிவிட்டான்.

குழந்தையோடு கதவைத் திறந்தான் பகலவன்.

"ஷைனி எங்க? அவளுக்கு இன்னா ஆச்சு?"

"அவளுக்கு ஒண்ணியும் இல்ல மாமா. உங்களுக்குத்தான் இன்னாமோ ஏதோன்னு ஓடியிருக்கா. எப்பவும் வர்ற நேரத்துக்கு வண்டி சத்தம் வரல. அத்தையும் போனு எடுக்கல. அய்துகினே ஆட்டோ புடிச்சி உங்க வூட்டுக்குப் போய்ட்டா."

இன்னாசி தலையைக் குனிந்து பார்த்தான். ஒரு கால் வாசப்படிக்கு உள்ளே இருந்தது.

"மாயா, யாரு வந்துகிறாங்க பாரு. உன் டுபுடுபு தாத்தா" என்றான் பகலவன்.

அந்த வீட்டில் அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை மட்டும், சத்தம் வராத இந்த ஆளை நம்பாமல், அவனுக்குப் பின்னால் வண்டியைத் தேடியது.

பகலவனின் போன் அடித்தது. ஷைனிதான். டோரதி மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால் பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில் நின்று, "அப்பாவ காணோம்" என்று அழுவது எனக்கே கேட்டது. இன்னாசி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

"அய்வாத. உன் வூட்லதான் கீறேன். அங்கியே இரு, தோ வந்து இட்டுகினு வரேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வண்டி சத்தம் வராதும்மா. வாசல்லயே நின்னு பாத்துகினு இரு."

போனைக் கொடுத்துவிட்டு, தடதடவென்று இறங்கிப் போய்விட்டான். பின் சீட்டு எனக்கு அன்றோடு போயிற்று. பகலவன் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நான் பஸ்ஸில்தான் வீடு வந்து சேர்ந்தேன்.