எழுபது சதவீத அடைப்பு

நிர்மலா ராமாபுரத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்து, மைசூரில் ஸ்கேன் கருவி தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். மாதிரி ரத்தக்குழாய் செய்வதுதான் அவள் வேலை. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் அவற்றை வைத்துத்தான் சோதிப்பார்கள். ஒருவகை பிளாஸ்டிக் கூழை அச்சில் ஊற்றி, உறையவைத்து, இளகவிட்டு, மறுபடி உறையவைப்பாள். ஐந்தாறு முறை ஆனதும் அது நிஜக் குழாய் போலவே நெகிழும். பம்பு வைத்து ரத்தம் போன்ற திரவத்தை ஓட்டினால் துடிக்கவும் துடிக்கும்.

போன வருடம் புதுக் கருவிக்காகக் கழுத்து ரத்தக்குழாய் ஒன்று செய்தாள். மூன்று வாரம் பிடித்தது. வயதானவர்களுக்குக் கொழுப்போடு சுண்ணாம்பும் படியும் என்பதால், அடைப்புக்குள் கெட்டித் துணுக்குகள் பதித்தாள். எழுபது சதவீத அடைப்பு. கருவியோ ஐம்பது என்றது. ஒன்பது முறை பார்த்தாள். ஒன்பது முறையும் ஐம்பதுதான். ‘தேறவில்லை’ என்று அறிக்கை எழுதினாள்.

மேலாளர் கௌரிசங்கர் கூப்பிட்டார். “உன் மாடல்தான் தப்பு நிர்மலா. துணுக்கெல்லாம் எதுக்கு? வழவழன்னு ஒண்ணு பண்ணிக் கொடு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா.”

“மனுசன் கழுத்து வழவழன்னா இருக்குதுங்க சார்? எழுபதுன்னா ஆபரேசன் பத்திப் பேசுவாங்க. ஐம்பதுன்னா மாத்திரை குடுத்து ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. அந்த ஆளு வாதம் வந்து விழுந்தா யாருங்க பொறுப்பு?”

நான்கு நாள் கழித்து நிர்மலா ஃபைலைப் புரட்டியபோது, அறிக்கையில் ‘தேறியது’ என்று இருந்தது. கீழே அவள் பெயர்.

அன்று மத்தியானம், விஜயநகரில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் டாக்டர் அன்னபூர்ணி கருவியை விலை பேச வந்திருந்தார். நிர்மலா மாதிரியைப் பம்போடு தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

“டாக்டர், இது எழுபது சதவீத அடைப்பு. இதப் பாத்துட்டு வாங்குங்க.”

“நிர்மலா, வெளியே போ!” என்று கௌரிசங்கர் கத்தினார்.

டாக்டர் தானே ஸ்கேன் செய்து பார்த்தார். ஐம்பது. உடனே நிர்மலா பிளேடை எடுத்து, அடைப்பு இருந்த இடத்தில் குழாயைக் குறுக்கே அறுத்தாள். ஆறு மில்லிமீட்டர் குழாயில் திறந்திருந்தது இரண்டுகூட இல்லை. அளவுகோலை வாங்கி டாக்டரும் அளந்தார்.

“எழுபதேதான்” என்றவர், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“பதினோரு வருஷம் சோறு போட்ட கம்பெனிம்மா இது!” என்றார் கௌரிசங்கர்.

“அதுக்காக என் பேர்ல பொய் எழுதுவீங்களா? மொதல்ல அந்தத் தாளக் கிழிங்க.”

அவர் கிழித்து, சரியான அறிக்கையை அச்சடிக்கும்வரை மேஜையை விட்டு அவள் நகரவில்லை. அதில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே வேலை போனது.

கருவியின் விற்பனை நின்றது. ஐந்து மாதம் கழித்து, கூட வேலை பார்த்த தீபா போன் செய்தாள். “அக்கா, உங்க அச்சுலயே புதுசா ஒரு குழாய் ஊத்தினோம். மெஷினச் சரி பண்ணிட்டாங்க, இப்போ எழுபதுன்னு கரெக்டா காட்டுது.”

“அத அன்னிக்கே பண்ணியிருக்கலாமில்ல?” என்று கத்திவிட்டாள் நிர்மலா. பாவம், தீபா என்ன செய்வாள்!

நிர்மலா இப்போது ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருக்கிறாள். வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டுப் போய் நிற்கிறாள்.